நாற்பதுக்குப் பிறகு பிலாட்டீஸ்: முதுகு நிமிர்ந்தால் போதுமா?

காலை ஆறரை மணி. சென்னை ஆழ்வார்பேட்டைப் பக்கம், மாடியில் ஓர் அறை. கட்டில் நீளத்துக்கு ஒரு மரச்சட்டம், அதன் மேல் முன்னும் பின்னும் உருண்டு நகரும் மெத்தைப் பலகை, பலகைக்கு அடியில் நிறம் நிறமாக ஸ்பிரிங்குகள். ஐம்பதை நெருங்கும் பெண் ஒருவர் பலகையின் மேல் முட்டி போட்டு, எதிரே உள்ள கம்பியில் இரண்டு கைகளையும் ஊன்றி, பலகையைப் பின்னுக்குத் தள்ளி மெதுவாகத் திரும்ப இழுத்து வருகிறார். பயிற்சியாளர் குனிந்து ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றுகிறார். சுமை குறைந்தது, இனி சுலபம் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். நடப்பது வேறு. இதுவரை பலகையைத் திரும்ப இழுத்துக்கொடுத்த ஸ்பிரிங் போய்விட்டதால், அந்த வேலை இப்போது அவருடைய வயிற்றுத் தசைகளின் தலையில் விழுகிறது. பலகை நடுங்குகிறது, கைகள் நடுங்குகின்றன. “மூச்சை விட்டுக்கிட்டே இழுங்க மேடம். தோளைக் காதுகிட்ட கொண்டு போகாதீங்க” என்கிறார் பயிற்சியாளர். ரிஃபார்மர் என்று பெயர் பெற்ற இந்தக் கருவி, சில ஆண்டுகளுக்கு முன்புவரை சினிமா நட்சத்திரங்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் மட்டுமே தென்பட்டது. இன்று வங்கி அதிகாரிகளும் பள்ளி ஆசிரியைகளும் ஐ.டி. நிறுவன மேலாளர்களும் அதில் ஏறுகிறார்கள்.

ஏறுகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாஸ்ச்சர். கல்யாண வீட்டு வீடியோவில் தன் பக்கவாட்டுத் தோற்றத்தைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பார். “அம்மா, நீ கூன் போடுற” என்று மகள் சொல்லியிருப்பாள். லேப்டாப் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து கழுத்து இறுகிப் போயிருக்கும். விளம்பரங்களும் அதே நரம்பைப் பிடிக்கின்றன: வளைந்த முதுகோடு ஒரு படம், பக்கத்தில் நிமிர்ந்த முதுகோடு ஒரு படம். நடுவயதில் பிலாட்டீஸ் தொடங்குவது நல்ல முடிவு என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை முதுகின் தோற்றத்தைக் கொண்டு அளப்பவர்கள் இரண்டு வகையில் ஏமாறுவார்கள். தோற்றம் எதிர்பார்த்த அளவு மாறாதபோது, கிடைத்த உண்மையான பலனைக் கவனிக்காமல் பாதியில் விட்டுவிடுவார்கள். அல்லது தோற்றம் மாறிய திருப்தியில், அந்த வயதில் உடம்புக்கு வேண்டிய மற்ற இரண்டு மூன்று பயிற்சிகளைக் கைகழுவிவிடுவார்கள். பார்க்க வேண்டியது உடம்பால் என்ன செய்ய முடிகிறது என்பதைத்தான். தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்க முடிகிறதா? பஸ் திடீரென்று பிரேக் போட்டால் விழாமல் நிற்க முடிகிறதா?

முகாமில் இருந்து மன்ஹாட்டனுக்கு

முறையை உருவாக்கியவர் ஜோசப் ஹூபர்ட்டஸ் பிலாட்டீஸ். 1883-இல் ஜெர்மனியின் மொன்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமாவாலும் எலும்பு வலுக்குறைவாலும் அவதிப்பட்டு, அதை வெல்வதற்காகவே ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று இறங்கியவர். முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்ததால், எதிரி நாட்டவர் என்ற முறையில் அடைக்கப்பட்டார். ஐல் ஆஃப் மேன் தீவில் இருந்த நாக்கலோ முகாமில்தான் அவருடைய பயிற்சி முறை உருத்திரண்டது. 1926-இல் அமெரிக்கா சென்று, வாழ்க்கைத்துணை கிளாராவோடு நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் திறந்தார். ஜார்ஜ் பாலன்சீன், மார்த்தா கிரஹாம் போன்ற நடன உலகத்தின் பெரிய பெயர்கள் அவரிடம் வந்தார்கள், அடிபட்ட நடனக் கலைஞர்களை அனுப்பியும் வைத்தார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் கன்ட்ராலஜி. 1945-இல் வெளியிட்ட நூலில், எந்தக் கருவியும் இல்லாமல் பாய் விரித்துச் செய்யும் 34 பயிற்சிகளைப் படங்களோடு விளக்கினார். 1967-இல் இறந்தார்.

இந்தக் கதையில் நமக்கு முக்கியமானது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து நடந்த ஒரு வழக்கு. பிலாட்டீஸ் என்ற பெயருக்கு ஒரு தரப்பு வணிகச் சின்ன உரிமை கொண்டாடியது. அது யோகா, கராத்தே போல ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், யாருக்கும் தனியுரிமை கிடையாது என்று 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகம் முழுக்க பிலாட்டீஸ் பரவியதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். ஆசிரியரின் தரத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லாமல் போனதற்கும் அது ஒரு காரணம். 400, 500 மணி நேரம் பயின்று சான்றிதழ் பெற்றவரும், ஒரு வாரக்கடைசிப் பட்டறையில் கலந்துகொண்டவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டலாம். முப்பது வயதில் இது பெரிய விஷயமாக இருக்காது. ஐம்பது வயதில் ஏன் பெரிய விஷயம் என்பதற்குப் பிறகு வருவோம்.

[பாக்ஸ்] பாயா, கருவியா?
பாயில் செய்யும்போது உங்கள் உடலின் எடைதான் சுமை. ரிஃபார்மரில் ஸ்பிரிங்குகள் சுமையாகவும் இருக்கும், தாங்கலாகவும் இருக்கும். இழுக்க இழுக்க ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கூடும். முழங்கால் வலி உள்ளவர், பருமனானவர், பல ஆண்டுகளாக உடற்பயிற்சியே செய்யாதவர் ஆகியோருக்குப் படுத்தபடி ஸ்பிரிங்கின் துணையோடு தொடங்குவது எளிது. கருவி இல்லாததால் பாய்ப் பயிற்சி மட்டம் என்று நினைக்க வேண்டாம். தாங்க எதுவும் இல்லாததால் பல அசைவுகள் பாயில்தான் கடினம்.

கூன் என்ற பயம்

“கழுத்தை 60 டிகிரி குனிந்து செல்போன் பார்த்தால் முதுகெலும்பில் 27 கிலோ சுமை ஏறுகிறது” என்ற படத்தை வாட்ஸ்அப்பில் பார்க்காதவர் இருக்க முடியாது. நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கு அது. கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கே தவிர, குனிந்தவர்களுக்கு வலி வந்ததா என்று யாரையும் பரிசோதித்துச் சொன்னது அல்ல. அப்படிப் பரிசோதித்தவர்கள் பிறகு வந்தார்கள். பிரேசிலில் 18 முதல் 21 வயதுவரையுள்ள 150 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், குனிந்து போன் பார்ப்பவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கழுத்துவலியில் வேறுபாடு தென்படவில்லை. முதுகுக்கும் இதே கதைதான். நேராக உட்காருகிறவர்களுக்கு வலி வராது, வளைந்து உட்காருகிறவர்களுக்கு வரும் என்று பிரித்துச் சொல்ல ஆய்வுகள் இடம் தரவில்லை. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சரியான தோரணை என்று ஒன்று இல்லை, ஒரே தோரணையில் நெடுநேரம் அசையாமல் இருப்பதுதான் தொந்தரவு என்பது இன்று பிசியோதெரபி துறையில் வலுவாக வேரூன்றிவிட்ட கருத்து.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால், நடுவயதில் பிலாட்டீஸ் வகுப்புக்கு வருபவர்களில் கணிசமானோர் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அது தந்த பயத்தையும் சுமந்து வருகிறார்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. வலி எதுவும் இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. ஐம்பது வயதில் அது 80 சதவீதம். எண்பது வயதில் 96 சதவீதம். அதாவது “டிஸ்க் தேய்ந்திருக்கிறது” என்ற வரி, பெரும்பாலோருக்கு நரைமுடியைப் போல வயதின் அடையாளம். அந்த வரியைப் படித்தவுடன் குனிவதற்கே அஞ்சி, வாளியைத் தூக்க அஞ்சி, உட்கார்ந்தே நாளைக் கழிப்பவருக்குத்தான் உண்மையான ஆபத்து. அசையாத தசை இளைக்கிறது, இளைத்த தசை சீக்கிரம் வலிக்கிறது, வலி மேலும் அசையவிடாமல் செய்கிறது.

அப்படியானால் கூன் என்பதே கற்பனையா? இல்லை. ஒரு வகைக் கூனை அலட்சியப்படுத்தவே கூடாது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைந்து, முதுகெலும்பின் கட்டைகள் முன்பக்கமாக நசுங்கி, விழாமலேயே முறிவு ஏற்படலாம். அதில் பலருக்குப் பெரிய வலிகூட இருக்காது, உயரம்தான் குறையும். இளவயதில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், ஸ்டூடியோ வாசலுக்கு முன்பாக மருத்துவரின் வாசலில் நிற்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டிலோ மருத்துவப் பரிசோதனைச் சான்றிதழிலோ உயரம் குறித்திருக்கும், எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றபடி, 60 வயதைக் கடந்தவர்களுக்கு முதுகின் பின்பக்கத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகள் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் மேல்முதுகின் வளைவு குறையத்தான் செய்தது, சில டிகிரி அளவுக்கு. விளம்பரப் படங்களில் காட்டும் மாற்றம் அதைவிடப் பல மடங்கு. அந்தப் படங்களில் பாதி வேலையைச் செய்வது, இரண்டாவது போட்டோவுக்கு நிமிர்ந்து நிற்பது.

முதுகுவலிக்கு என்ன செய்கிறது?

தோரணையில் சான்று மெலிந்தது என்றால், வலியில் சற்றுத் தடித்தது. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகுவலியோடு இருந்தார்கள், 2050-க்குள் இது 84.3 கோடியாகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாள்பட்ட முதுகுவலிக்கு முதல் வரிசைச் சிகிச்சைகளில் ஒன்றாக, திட்டமிட்ட உடற்பயிற்சியை அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி பரிந்துரைக்கிறது. பிலாட்டீஸை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தது மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை. பத்துச் சோதனைகள், 510 பேர். பெரிதாக எதுவும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், பிலாட்டீஸ் செய்தவர்களுக்கு வலியும் இயலாமையும் குறைந்தன. வேறு உடற்பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால், பிலாட்டீஸ் மேலானது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. பின்னால் வந்த சில பெரிய தொகுப்புகள் பிலாட்டீஸைப் பட்டியலின் மேல்வரிசையில் வைத்தன என்பது உண்மை. ஆனால் அந்த இடைவெளி சிறியது, சோதனைகளின் தரமும் ஒரே சீராக இல்லை.

இதைப் படித்துவிட்டு “அப்படியானால் எதற்கு இவ்வளவு செலவு” என்று கேட்பவர்கள், முடிவின் முதல் பாதியைத் தாண்டிப் போகிறார்கள். செய்யாதவரைவிட செய்தவர் நன்றாக இருந்தார் என்பதுதான் பெரிய செய்தி. ஏனென்றால் நம் சமூகத்தில் பெரும்பாலோர் நிற்பது “செய்யாதவர்” வரிசையில். 2022 நிலவரப்படி இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான உடலியக்கம் இல்லாதவர்கள் என்று 2024-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இவர்களுக்கு ஜிம்மின் இரைச்சலும் இரும்பும் கண்ணாடிச் சுவர்களும் அச்சம் தருகின்றன. படுத்தும் உட்கார்ந்தும் மெல்ல நகர்ந்தும் தொடங்குகிற ஒரு பயிற்சி, அந்த அச்சத்தைத் தாண்ட வைக்கிறது. சேர்வதே பெரிய பாடு என்ற வயதில், சேர வைக்கும் குணத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது.

“கோர்” என்ற சொல்லுக்கும் இங்கே கொஞ்சம் கணக்குத் தீர்க்க வேண்டும். அடிவயிற்றைச் சுற்றிக் கச்சை போல இருக்கும் ஆழ்ந்த தசை ஒன்று, முதுகுவலிக்காரர்களிடம் சற்றுத் தாமதமாக இயங்குகிறது என்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1996-இல் கண்டார்கள். அதில் இருந்து கிளம்பியதுதான், அந்த ஒரு தசையைப் பிடித்துவிட்டால் முதுகு காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கை. பின்னால் வந்த சோதனைகளில், அந்தத் தசையைக் குறிவைத்த பயிற்சிகள் பொதுவான உடற்பயிற்சியைவிட நீண்ட காலத்தில் மேலானவை என்று நிரூபணமாகவில்லை. எனவே “தொப்புளை முதுகெலும்போடு ஒட்டுங்கள்” என்ற கட்டளையை வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம். நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டு திரிய வேண்டியது இல்லை. பிலாட்டீஸ் தருகிற உருப்படியான பலன், நம் கணிப்பில், வேறு இடத்தில் இருக்கிறது. குனிவது, முறுக்குவது, பின்னுக்கு வளைவது, ஒற்றைக்காலில் நிற்பது என்று பல ஆண்டுகளாக உடம்பு மறந்துவிட்ட அசைவுகளை, மெதுவாக, அளவாக, ஒருவர் கண்காணிப்பில் திரும்பச் செய்து பார்க்க வைக்கிறது. குனிந்தால் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு கண்டுகொள்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட் பறித்துக்கொண்ட தைரியம் அப்படித்தான் திரும்பி வருகிறது.

[பாக்ஸ்] ஒரு நாற்காலி, 30 விநாடி
கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோலின்படி, 60 முதல் 64 வயதுவரையுள்ள பெண்கள் 12-க்குக் கீழும், ஆண்கள் 14-க்குக் கீழும் செய்தால் விழும் அபாயம் அதிகம். நாற்பத்தைந்திலேயே அந்த எண்ணில் திணறினால், இப்போதே தொடங்க வேண்டும் என்று பொருள். பயிற்சியில் சேரும் நாளில் ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து ஒருமுறையும் எண்ணிக் குறித்து வையுங்கள். கண்ணாடியைவிட நம்பகமான அளவு இது.

எலும்பின் கணக்கு வேறு

பிலாட்டீஸின் எல்லையை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஐம்பது வயதுக்காரருக்கோ அது தெரிந்தே ஆக வேண்டும். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது, மேலை நாடுகளைவிடச் சில ஆண்டுகள் முன்பாக. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு வீழ்ந்ததும், அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகக் கரைகிறது. எலும்பைத் திரும்பக் கட்டத் தூண்டுவது அதன் மேல் விழும் கனமான சுமையும் அதிர்வும்தான். பிலாட்டீஸ் செய்யும்போது அந்தச் சுமை போதுமான அளவு விழுகிறதா என்று ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்தார்கள். எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 115 பெண்கள். ஒரு பகுதியினருக்குக் கண்காணிப்போடு கனமான எடை தூக்கும் பயிற்சி, மற்றவர்களுக்கு பிலாட்டீஸ் அடிப்படையிலான பயிற்சி. எட்டு மாத முடிவில், எடை தூக்கிய பெண்களின் கீழ்முதுகு எலும்பு அடர்த்தி கூடியது. பிலாட்டீஸ் குழுவில் ஏறக்குறைய அப்படியே நின்றது. “பிலாட்டீஸ் எலும்பை வலுவாக்கும்” என்று யாராவது சொன்னால், இந்த ஆய்வை நினைவில் வையுங்கள்.

போதாது என்பது ஒரு பக்கம், தீங்கு செய்யலாம் என்பது மறுபக்கம். பிலாட்டீஸின் புகழ்பெற்ற பாய்ப் பயிற்சிகளில் பல, முதுகை முன்னுக்குச் சுருட்டுபவை. மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கி, ஐந்து எண்ணிக்கை மூச்சிழுத்து ஐந்து எண்ணிக்கை விட்டு, கைகளை நூறு முறை ஆட்டும் ‘ஹண்ட்ரட்’, படுத்த நிலையில் இருந்து முதுகைச் சுருட்டி எழும் ‘ரோல் அப்’, பந்து போல உருளுவது எல்லாம் அந்த வகை. ஆரோக்கியமான முதுகுக்கு இவற்றால் கெடுதல் இல்லை. எலும்புப்புரை உள்ள முதுகுக்கு உண்டு. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மெஹர்ஷீத் சினாகி 1984-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. முதுகெலும்பில் எலும்புப்புரை இருந்த 59 பெண்களில், முன்னுக்கு வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய முறிவுகள் ஏற்பட்டன. பின்னுக்கு வளையும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்கு மட்டுமே. சிறிய ஆய்வுதான். ஆனாலும், தெரிந்தே அந்த ஆபத்தை எடுக்க எந்த நல்ல ஆசிரியரும் துணிய மாட்டார். மாதவிடாய் நின்றுவிட்ட பெண், முதல் வகுப்பிலேயே “எலும்பு அடர்த்தி பார்த்திருக்கீங்களா?” என்று கேட்கப்பட வேண்டும். கேட்காமல் நேராக ‘ஹண்ட்ரட்’ எண்ணத் தொடங்கும் இடத்தில் இருந்து வெளியேறுவதே நல்லது. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழ் நிலைகள் ஆகாது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு முக்கக் கூடாது. இவையும் அந்த முதல் நாள் கேள்விகளில் வர வேண்டும். ஆசிரியரின் தரம் ஐம்பது வயதில் பெரிய விஷயம் என்று சொன்னது இதற்காகத்தான்.

“நமக்குத்தான் யோகா இருக்கிறதே!”

இருக்கிறது, நல்லதும்கூட. நாள்பட்ட முதுகுவலிக்கு யோகாவை ஆராய்ந்த 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, 21 சோதனைகளையும் 2,223 பேரையும் பார்த்துவிட்டு, பிலாட்டீஸுக்குக் கிடைத்ததை ஒத்த முடிவுக்கே வந்தது. சும்மா இருப்பதைவிட யோகா கொஞ்சம் நல்லது, முதுகுக்கான மற்ற பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. நல்ல யோகா ஆசிரியர் பக்கத்துத் தெருவில் இருந்தால், ஸ்பிரிங் வைத்த கட்டிலைத் தேடிப் போக அவசியமே இல்லை. எது உள்ளூர், எது வெளியூர் என்ற வழக்கு இங்கே பயன்படாது. யோகாவிலும் பிலாட்டீஸிலும் ஒரே பற்றாக்குறை உண்டு: இரண்டுமே கனமான சுமையைத் தருவதில்லை, இரண்டுமே நெஞ்சுத்துடிப்பைப் போதுமான அளவு உயர்த்துவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேக நடை போன்ற மிதமான இயக்கமும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. பிலாட்டீஸ் இரண்டாவதன் ஒரு பகுதியைத் தருகிறது. முதலாவது அப்படியே பாக்கி நிற்கிறது.

“நான் தினமும் நடக்கிறேனே” என்பவருக்கு இதையே திருப்பிச் சொல்ல வேண்டும். நடை இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் நல்லது. தோளுக்கும் முதுகுக்கும் கைக்கும் அது தருகிற வேலை மிகக் குறைவு. முப்பதைக் கடந்த பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை கரைகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அந்தக் கரைதலை நடை மட்டும் தடுத்து நிறுத்தாது. சாப்பிட்ட குளுக்கோஸின் பெரும்பகுதியை உள்வாங்குவது தசைதான் என்பதால், 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் மதிப்பிட்ட நாட்டில், தசையை இழப்பது அழகுப் பிரச்சினை மட்டும் ஆகாது.

“வீட்டு வேலை பார்க்கிறதே போதும்” என்ற வாதம் பெரும்பாலும் பெண்களைப் பற்றி, வீட்டில் உள்ள மற்றவர்கள் சொல்வது. வீட்டு வேலை கணக்கில் சேரும், அதில் ஐயமில்லை. ஆனால் இருபது வருடமாக அதே குக்கரை அதே மேடைக்குத் தூக்குவதால் தசை புதிதாக வளராது. சுமை படிப்படியாக ஏற வேண்டும், அசைவின் எல்லையும் விரிய வேண்டும். அரிவாள்மணையின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, அம்மிக்கு முன் முட்டி மடக்கி, தரையில் பந்தி போட்டுப் பரிமாறி, ஒரு நாளைக்குப் பலமுறை தரைக்குப் போய்த் திரும்பிய உடம்புகள் நம் பாட்டிகளுடையவை. நின்றே சமைக்கும் மேடையும் டைனிங் டேபிளும் மேற்கத்தியக் கழிப்பறையும் வந்த பிறகு, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வாரக்கணக்கில் தரையைத் தொடாமலே வாழ முடிகிறது. பழைய உழைப்பைப் புனிதமாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த உழைப்பு பல பெண்களின் மூட்டுகளைத் தேய்த்தது. ஆனால் தரைக்குப் போய் எழும் திறனைக் கேட்காமலே எடுத்துக்கொண்ட வாழ்க்கைக்குள், அதைத் திரும்பக் கொண்டுவரும் எந்தப் பாயும் வரவேற்கத்தக்கதே. பிலாட்டீஸ் வகுப்பின் முதல் பயிற்சி எது என்று கேட்டால், பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்லலாம்: பாயில் படுப்பதற்காகக் கீழே இறங்குவது.

இன்னொரு முணுமுணுப்பு, “இந்த வயசுக்கு மேல எதுக்கு?” 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயதுவரை இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் தசை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் கூடுவது நாற்பத்தெட்டில் கூடாதா? விழுவதைப் பற்றியும் சான்று உண்டு. 108 சோதனைகளில் பங்கேற்ற 23,407 முதியோரைத் தொகுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, உடற்பயிற்சி விழும் விகிதத்தை 23 சதவீதம் குறைப்பதாகக் கண்டது. சமநிலைப் பயிற்சிக்கு அதில் முக்கியப் பங்கு. பிலாட்டீஸ் சமநிலையை மேம்படுத்துகிறது என்று முதியோரிடையே நடந்த சோதனைகள் காட்டுகின்றன. அறுபத்தைந்தில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறியாமல் இருப்பதற்கான தயாரிப்பு, நாற்பத்தைந்தில்தான் தொடங்குகிறது.

பணமும் பாயும்

செலவு பற்றிய குற்றச்சாட்டு எல்லாவற்றிலும் நியாயமானது. பெருநகரங்களில் தனி ரிஃபார்மர் வகுப்பு ஒன்றுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். வாரம் இரண்டு வகுப்பு என்றால், பல குடும்பங்களில் மாத மளிகைக்கு இணையான தொகை. இதை உடல்நலத்துக்கான முதலீடு என்று பூசி மெழுகுவது சரியல்ல, அந்தப் பணம் இல்லாதவர்கள்தான் நாட்டில் பெரும்பான்மை. ஆனால் ஜோசப் பிலாட்டீஸின் 1945 நூலில் இருந்ததே பாய்ப் பயிற்சிகள்தான். கருவி வசதி, கட்டாயம் இல்லை. நம் யோசனை இது: முடிந்தவர்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள், பிசியோதெரபி படித்தவரிடமோ முழுப் பயிற்சி பெற்ற ஆசிரியரிடமோ கற்கட்டும். பிறகு வீட்டில் பாய் விரித்து வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். மிச்சப்படும் பணத்தில் ஒரு ஜோடி டம்பெல், ஒரு நல்ல நடைக் காலணி. இடுப்பைத் தூக்கிப் பாலம் போல நிறுத்துவது, ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது, குப்புறப் படுத்து மார்பைத் தூக்குவது ஆகிய மூன்றும், நாற்காலியில் இருந்து எடையோடு எழுந்து உட்காருவதும் பெரும்பாலோருக்குத் தொடங்கப் போதும். ஆண்களுக்கும் இதே பட்டியல்தான். குத்துச்சண்டைக்காரர் ஒருவர் உருவாக்கிய முறையைப் பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கி, தொப்பையோடும் இறுகிய இடுப்போடும் உட்கார்ந்திருக்கும் கணவர்கள் இழப்பது கொஞ்சமல்ல.

தனிமனிதர் பர்ஸுக்கு வெளியேயும் இந்தக் கதைக்கு ஒரு பாதி இருக்கிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, மாவட்டங்களில் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளைக் குறித்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் போகிறார். இரண்டும் பாராட்டத்தக்கவை. இவற்றுக்கு நடுவில் ஒரு பெரிய இடைவெளி கிடக்கிறது: நடக்க முடிகிற, இன்னும் படுக்கையில் விழாத, ஆனால் தசையும் எலும்பும் மௌனமாகக் கரைந்துகொண்டிருக்கிற நாற்பத்தைந்து முதல் அறுபத்தைந்து வயதுக்காரர்கள். அவர்களுக்கு யாரும் எடை தூக்கக் கற்றுக்கொடுப்பதில்லை, சமநிலையைச் சோதிப்பதில்லை. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில், சர்க்கரை மாத்திரை வாங்க மாதந்தோறும் வந்து வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த வயதினரே. மாத்திரை கொடுக்கும் நாளில், அதே கட்டடத்தில் இருபது பாய்கள், இருபது கைப்பிடியில்லா நாற்காலிகள், சில டம்பெல்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட், முக்கால் மணி நேரம். ஆழ்வார்பேட்டை மாடியில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதில் உடம்புக்கு உண்மையில் தேவையான பகுதி அவ்வளவுதான், அதைக் கொடுக்க ஸ்பிரிங்கும் வேண்டாம், கண்ணாடிச் சுவரும் வேண்டாம். பிசியோதெரபிஸ்டுகளும் கட்டடங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு மண்டலத்தில், ஆறு மாதத்துக்கு இதை நடத்திப் பார்த்து, சேரும் நாளிலும் முடியும் நாளிலும் 30 விநாடி நாற்காலிக் கணக்கை எடுத்து வெளியிடுமாறு சுகாதாரத் துறையைக் கேட்கிறோம்.